ஐந்து கட்டைப் பாவலர்

ஆற்றுக்கு இக்கரையில் ஆலை, அக்கரையில் வயல். இக்கரைக்காரர்களுக்குச் சூரியன் உதிப்பது ஒரு பொருட்டே அல்ல. ஆலைச் சங்கு ஊதினால்தான் விடிந்தது என்று கணக்கு. சங்கு ஊதினால் எழுந்தார்கள். ஊதினால் உள்ளே போனார்கள். ஊதினால் சோறு தின்றார்கள். தின்று முடிக்குமுன் மறுபடி ஊதினால் மீதியை மூடி வைத்தார்கள். அக்கரைக்காரர்களும் அதே சங்கை இரவல் கேட்காமலே வாங்கிக்கொண்டார்கள். அங்கே உலை வைப்பதும் வடிப்பதும் அதன்படிதான்.

அந்த ஆலையின் தொழிற்சங்கத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவர் மாசானம். துண்டறிக்கைகளில் ‘போர்முரசுப் பாவலர்’ என்று போட்டுக்கொள்வார். பட்டத்தை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டார். அச்சகத்தில் ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது.

சங்குக் கோபுரத்துக்கு நேர் கீழே, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் ஆலைக்குள் போனார். மீசை முளைத்த கொஞ்ச நாளில் ஒரு வேலைநிறுத்தத்தில் வெளியே வீசப்பட்டார். வீசப்பட்டவர் வாசலில் நின்று பாட ஆரம்பித்தார். அன்று நின்றவர் அறுபது வயதாகியும் அங்கேயே நிற்கிறார். அவரோடு நின்ற பலர் கவுன்சிலர் ஆனார்கள், காண்டிராக்டர் ஆனார்கள். அவர் பாவலராகவே இருந்துவிட்டார்.

பாட்டு என்றால் அவருக்கு ஆர்மோனியப் பெட்டி. பெட்டியில் எந்தக் கட்டையில் பாட்டு நிற்கிறதோ அதுதான் அதன் சுருதி. மாசானத்தின் பாட்டுகள் எல்லாம் ஐந்தாம் கட்டையில் நின்றன. பஞ்சப்படிப் பாட்டும் ஐந்து கட்டை. மேஸ்திரியைத் திட்டும் பாட்டும் ஐந்து கட்டை. இறந்துபோன ஒரு தோழருக்குப் பாடிய இரங்கல் பாட்டும் ஐந்து கட்டை. அதைக் கேட்ட அந்தத் தோழரின் மனைவி, அழுவதா கைதட்டுவதா என்று தெரியாமல் மூக்கை மட்டும் சிந்திக்கொண்டாள். பெட்டியில் அந்த ஒரு கட்டை விரல் பட்டுப் பட்டு, புகையிலைக்காரன் பல்லைப்போல் மஞ்சளாகி நடுவில் குழிந்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, எல்லாம் ஒரே பாட்டாக் கேக்கு?” என்று யாராவது சொன்னால் பதில் தயாராக இருக்கும்.

“சூரியனும் தினம் ஒரே பக்கந்தான் உதிக்கு. அதப் போய்க் கேளும்.”

ஒரு விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை. பேச்சாளர்கள் பேசும்போது கூட்டம் உட்கார்ந்தபடியே கொட்டாவி விடும். மாசானம் முதல் ‘ஓ’வை இழுத்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றுவிடும்.

மரியாதை என்று நினைத்திருந்தார்.

அந்த ஆண்டுச் சண்டை சோற்றுக்காக. மதியச் சாப்பாட்டுக்கு ஆலை கொடுத்தது கால் மணி நேரம். தூக்குவாளியைத் திறந்து, குழம்பை ஊற்றி, கையைக் கழுவி, முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் மறுசங்கு ஊதிவிடும். அரை மணி வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகம் யோசித்துவிட்டு, வேகமாக மெல்லும்படி அறிவிப்பு ஒட்டியது.

காலைச் சங்கு ஊதினாலும் உள்ளே போவதில்லை, வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவாயிற்று. குறித்த நாளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை. மேனேஜர் மாடி ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொண்டார். சங்கச் செயலாளர் தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணாச்சி, எடுங்க பாட்ட!”

மாசானம் பெட்டியைத் தோளில் மாட்டி, ஐந்தாம் கட்டையை அழுத்தி, “ஓ…” என்று இழுத்தார். புதுப் பாட்டுக்காகவே மூச்சுப் பழகியிருந்தார். இழுப்பு போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் எழுந்தது. வழக்கமான மரியாதைதானே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது எதிரே ஆளும் இல்லை, செருப்பும் இல்லை. எல்லாரும் பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வரிசையாக ஆலைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். காவல்காரன் கதவை அகலத் திறந்து சல்யூட் அடித்தான். எந்திரத்தில் கை வைத்த பிறகுதான் பலருக்குத் தாங்கள் மறியலில் இருந்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே மிஞ்சியது செயலாளர், பாவலர், பெட்டி.

மாலையில் சங்கக் கட்டடத்தில் விசாரணை நடந்தது.

“ஏன்டே உள்ள போனீங்க?” என்று கேட்டார் தேவசகாயம்.

“தெரியல தோழர். கால் தானாப் போயிட்டு.”

நூற்புப் பகுதி வள்ளியக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். “அண்ணாச்சி பாட்டெல்லாம் கேட்ட பாட்டாவே இருக்கு. கேட்ட பாட்டையே கேட்டா மனசு எங்கயோ போவுது. மனசு போனா காலு வேலைக்குப் போவுது. நான் என்ன செய்ய?”

தேவசகாயம் மாசானத்தின் பக்கம் திரும்பினார். “வெள்ளிக்கிழமை மறுபடி உக்காருதோம். அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா சங்கத்தக் கலைச்சிட்டு பஜனை மடம் வச்சிர வேண்டியதுதான். பாட்டு மாறணும் அண்ணாச்சி. வேற கட்டையில, வேற மாதிரி. இல்லன்னா நீங்க பாட வேண்டாம். ரெக்கார்டு வச்சிக்கிடுதோம்.”

“ரெக்கார்டா? தடியடி வாங்குன தொண்டை வே இது!”

“தடியடி முதுகுலல்லா வாங்குனீங்க.”

கூட்டம் சிரித்தது. மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நாற்பது வருஷத்துப் பாட்டுக்கு இனி நாலு நாள் தவணை.

அன்று ராத்திரியே முயன்றார். இரண்டு கட்டையில் தொடங்கினார். பல்லவி முடியும்போது மூன்றுக்கு வந்திருந்தது. அனுபல்லவியில் நாலு. சரணத்தில், மேய்ந்துவிட்டு வந்த மாடு கட்டுத்தறியில் நிற்பதுபோல் ஐந்தில் வந்து நின்று அசைபோட்டது. ஐந்தாம் கட்டை அழுந்தாதபடி அடியில் தீக்குச்சியைச் செருகினார். பெட்டி வாயை மூடிக்கொண்டது. அவர் வாய் ஐந்திலேயே பாடியது.

வள்ளியக்காதான் மறுநாள் யோசனை சொன்னாள். “அக்கரையில காந்திமதிநாதன் இருக்காரு. சுருதின்னா அவருதான்.”

காந்திமதிநாதன் கோயில் மேளத்தில் ஒத்து ஊதுகிறவர். நாயனக்காரர் ஏழு சுரத்திலும் ஏறி இறங்கி ஊரை மயக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கன்னம் உப்ப ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். அக்கரையில் அவரை ஞானி என்றார்கள். சண்டைக்காரர்கள் வழக்கோடு வருவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பார். அவர்களுக்கு அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் நாட்டில் ஞானி ஆவதற்கு இது போதும்.

மாசானத்துக்குப் போகத் தயக்கம். ‘குருமார்களும் கும்பிடுபூச்சிகளும்’ என்று துண்டறிக்கை போட்டவர் அவர். இன்னும் அது கட்டுக்கட்டாகப் பரணில் இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் போக வேண்டுமென்று பெட்டியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்.

காந்திமதிநாதன் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒத்தின் வாயில் செருகும் நாணல் சீவாளியைச் சீவிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி பிச்சம்மாள் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. சாக்குல என்ன?”

“சேப்பங்கிழங்கு.”

சாக்கைக் கீழே வைத்தார். அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

“கிழங்குக்கு மூச்சு எளைக்குது,” என்றார் காந்திமதிநாதன். “உக்காருங்க. உங்க நோட்டீஸ் எல்லாம் படிக்கேன். முதலாளிக்கு ஒத்து ஊதும் மேஸ்திரி, முதலாளிக்கு ஒத்து ஊதும் பத்திரிகைன்னு ஒண்ணுவிடாம எங்க தொழிலப் போடுதீங்க. எங்க ஐயா கூட இதுக்கு இவ்வளவு விளம்பரம் பண்ணல.”

மாசானம் தொண்டையைச் செருமினார். “அது ஒரு பேச்சுக்குத் தம்பி.”

“இருக்கட்டும். வந்த காரியம்?”

“கட்டுற பாட்டெல்லாம் ஒரே கட்டையில வருது. மாத்தணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“அஞ்சு கட்டை.”

“எப்படித் தெரியும்?”

“இங்க வரைக்கும் கேக்கும்.”

மாசானத்துக்கு அது பாராட்டாகவே பட்டது. உடனே சந்தேகமும் வந்தது. “ஆமா, நீரே ஒரு சுரத்த வச்சிக் காலம் தள்ளுற ஆளு. உம்மகிட்ட வந்தது வழுக்கத் தலையன்கிட்ட சீப்பு கேட்ட கதையால்லா இருக்கு?”

“நான் ஊதுறது ஒண்ணுதான். அது நாயனக்காரர் குடுத்தது. உங்களுக்கு அஞ்சு கட்டைய யாரு குடுத்தா?”

மாசானத்தின் மீசை நிமிர்ந்தது. “எனக்கு எவன் குடுக்கணும்? இந்தக் கை எவன்கிட்டயும் நீண்டதில்ல தம்பி. போடுற பொடி கூடச் சொந்தப் பொடி. சுருதி என் பிறப்போட வந்தது.”

காந்திமதிநாதன் சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி சீவத் தொடங்கினார்.

“பாடுங்க,” என்றார்.

மாசானம் சாக்கை அவிழ்த்து, பெட்டியை எடுத்து, “ஓ…” என்று இழுத்தார். இழுத்து முடிக்குமுன் பிச்சம்மாள் இரண்டு வாழையிலையோடு வெளியே ஓடி வந்தாள்.

“அதுக்குள்ளயா? இன்னும் அரிசி வேகலையே! இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்?”

இலையைப் போட்டாள். சோற்றைக் கொட்டினாள். காந்திமதிநாதன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். விருந்தாளி வேறு என்ன செய்வார்? மாசானமும் உட்கார்ந்தார். அரிசி பல்லில் நறநறத்தது.

“தங்கச்சி, மணி பத்துதான் ஆவுது.”

“பத்தா? சங்கு ஊதிச்சே?”

“சங்கு ஊதல. நாந்தான் பாடுனேன்.”

“பாட்டா?” பிச்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். “பாட்டு எதுவும் கேக்கல அண்ணாச்சி. சங்குதான் கேட்டுது.”

பாவம், காது மந்தம் என்று மாசானம் நினைத்துக்கொண்டார். அறுபது வருஷத்துப் பெருமைக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றாது.

“அடுத்து என்ன செய்யணும் தம்பி?”

“நாளைக்கு வாங்க.”

மறுநாளும் போனார். மறுநாளும் பாடச் சொன்னார். இந்தத் தடவை மாசானம் தோட்டத்து வரப்பில் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்தி இழுத்தார். பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்தவன் மாட்டை அவிழ்த்துவிட்டான். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு கரையேறினார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூச்சலோடு வெளியே ஓடி வந்தன. “ஏலே, மணி பதினொண்ணு கூட ஆகலடா!” என்று வாத்தியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

பிச்சம்மாள் அரை வேக்காட்டுச் சோற்றோடு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“இந்த ஆலைக்காரனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. நேத்தும் இப்படித்தான் நேரங்கெட்ட நேரத்துல ஊதுனான். அவன் வாயில புத்து வைக்க!”

“நல்லாத் திட்டுங்க தங்கச்சி,” என்றார் மாசானம். ஆலையை யார் திட்டினாலும் அவருக்கு வயிறு குளிரும். “இன்னும் நாலு சேத்துத் திட்டுங்க.”

பிச்சம்மாள் இன்னும் நாலு சேர்த்துத் திட்டினாள். மாசானம் ரசித்துக்கொண்டே வேகாத சோற்றை மென்றார். காந்திமதிநாதன் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. மாசானம் பெட்டியைச் சாக்கிலிருந்து எடுக்கவில்லை.

“தம்பி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. இதுவரைக்கும் வயித்துவலி வந்ததத் தவிர நான் ஒண்ணும் படிக்கல. நாளைக்கும் கூட்டம் உள்ள போச்சுன்னா என் பாட்டு அதோட போச்சு. அந்தச் சோத்து நேரமும் போச்சு.”

“இன்னைக்குப் பாட வேண்டாம். சும்மா இருங்க,” என்றார் காந்திமதிநாதன். பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பிச்சம்மா, நேத்தும் முந்தாநாளும் நீ கேட்டது சங்கு இல்ல. அண்ணாச்சி பாடுனது.”

“ஓகோ!” என்றாள் பிச்சம்மாள். உழுகிறவனுக்கும் நடுகிற பெண்களுக்கும் வேலிக்கு மேலே நின்று சொல்லிவிட்டும் வந்தாள். அவர்கள் மாசானத்தை ஒரு பார்வை பார்த்தார்கள்.

சும்மா இருப்பது மாசானத்துக்குப் பழக்கமில்லாத வேலை. பொடி போட்டார். துண்டை மடித்தார், பிரித்தார். ஆளும் வர்க்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். காந்திமதிநாதன் சீவாளி சீவினார். வெயில் உச்சிக்கு ஏறியது.

ஆலைக் கரையிலிருந்து மதியச் சங்கு ஊதியது.

பிச்சம்மாள் அசையவில்லை.

“பிச்சம்மா, சங்கு ஊதிட்டு. எலயப் போடு.”

“யாருகிட்ட? இனி ஏமாற மாட்டேன். அண்ணாச்சி பாடுதாரு.”

வயலில் ஒருவன் மாட்டை நிறுத்தப் போனான். “நிறுத்தாதடே, பாவலர் பாடுதாரு. உழு, உழு,” என்றான் இன்னொருவன்.

மாசானம் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. ஆனாலும் அவருடைய ‘ஓ’ ஆற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதே தொடக்கம். அதே நடு. மூச்சு முடியும் இடத்தில் அதே சின்னச் சரிவு. அந்தச் சரிவைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறார்.

சாக்கை அவசரமாக அவிழ்த்தார். ஐந்தாம் கட்டையை அழுத்தினார். பூட்டில் சாவி உட்கார்வதுபோல் சங்கு அதில் உட்கார்ந்தது.

சங்கு ஓய்ந்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. துருத்தியில் காற்றுத் தீர்ந்து பெட்டி தானாக அடங்கியது.

“தம்பி.”

“சொல்லுங்க.”

“நான் பிறந்த வீட்டுக்கு மேலதான் அந்தச் சங்கு.”

காந்திமதிநாதன் தலையாட்டினார்.

“எங்க அம்மை எனக்குத் தாலாட்டுப் பாடுனதில்ல. அவளுக்கு ராத்திரி ஷிப்டு.”

அதற்கும் தலையாட்டிவிட்டு அவர் சீவாளியை எடுத்தார். மாசானத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் உயிரும் வந்தது.

“முதல் நாளே தெரியுமா உமக்கு?”

“தெரியும்.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சொல்லியிருந்தா என்னையப் பத்தி நோட்டீஸ் போட்டிருப்பீங்க.”

அது உண்மைதான். மாசானம் தலைப்பைக் கூட யோசித்துவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு, சாக்கை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றில் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயம் ஒலிபெருக்கியும் ரெக்கார்டுப் பெட்டியும் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். மாசானம் கடைசி வரிசைக்கும் பின்னால், சோடாக் கடை நிழலில் பெட்டியோடு நின்றார். ராத்திரி முழுக்க முயன்றிருந்தார். குரல் ஐந்தைவிட்டு இறங்க மறுத்துவிட்டது. வேறு பாட்டுக்காரன் என்றால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வீட்டில் படுத்திருப்பான்.

சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை.

ஆனால் போன தடவை நடந்ததை மேனேஜரும் பார்த்திருந்தார். காரணம் அவருக்கும் தெரியாது. இரண்டாவது ஓசையில் எழுந்து வந்தார்கள் என்பது மட்டும் தெரியும். இரண்டாவது தடவையும் ஊதச் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு நெளிவு ஓடியது. வள்ளியக்காவின் கை தூக்குவாளியைத் தொட்டது. முன்வரிசையில் ஒருவன் ஒரு முட்டியை ஊன்றினான். நாலைந்து பேர் பாதி எழுந்துவிட்டார்கள். காவல்காரன் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைத்தான். தேவசகாயம் ரெக்கார்டுப் பெட்டியைத் திறந்தார். முள் இல்லை.

இன்னும் ஒரு மூச்சு நேரம். வாயை மூடிக்கொண்டு நின்றால் மாசானத்தின் மானம் மிஞ்சும்.

“உக்காருங்க!” என்று கத்திக்கொண்டு கூட்டத்தை மிதித்துத் தாண்டி ஓடினார். “உக்காருங்கலே! அது சங்கு இல்ல! நான் பாடுதேன்!”

எழுந்தவர்கள் அப்படியே நின்று அவர் வாயைப் பார்த்தார்கள். வாய் பேசிக்கொண்டிருந்தது. பாட்டு மேலே கோபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

“நாப்பது வருஷமா உங்க முன்னால நான் பாடுனது இதத்தான். கேளுங்க!”

பெட்டியை மார்போடு அணைத்து, ஐந்தாம் கட்டையை அழுத்தி இழுத்தார். கோபுரமும் இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை நுழையாது. இரண்டும் ஒன்றாகச் சரிந்து, ஒன்றாக ஓய்ந்தன.



வள்ளியக்கா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினாள். “அடப் பாவி மனுசா! அதான் கேட்ட பாட்டா?” என்றாள். அடுத்த நொடி அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றியது. வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போய், சோடாக் கடையில் மோதித் திரும்பி வந்தது. பாதி எழுந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மாசானம் சிரிக்கவில்லை. காதுமடல் வரை சிவந்து, நடுவில் நின்றார்.

மேனேஜர் மறுபடி ஊதச் சொன்னார். ஊதியது.

“அண்ணாச்சி பாடுதாரு!” என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

மறுபடி ஊதியது.

“போதும் அண்ணாச்சி! தொண்டைக்கு ஆகாது!”

“வேற பாட்டு இருந்தாப் பாடுங்க!” என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னான் ஒருவன்.

கடைசியாக ஒரு தடவை ஊதியது. உள்ளே சங்குக் கயிற்றைப் பிடித்திருந்தவனுக்கும் வெளிச்சத்தம் எட்டியிருக்க வேண்டும். பாதியில் விக்கி, இரண்டு தும்மல் தும்மி, நின்றுவிட்டது.

பொழுது சாயுமுன் மேனேஜர் படியிறங்கி வந்தார். சாப்பாட்டுக்கு அரை மணி கிடைத்தது.

வெற்றிக் கூட்டத்தில் தேவசகாயம் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மாசானத்தின் பெயர் ஒரு தடவையும் வரவில்லை. சங்கின் பெயர் இரண்டு தடவை வந்தது. பேசி முடித்ததும், “அண்ணாச்சி ஒரு பாட்டு,” என்றார். மாசானம் எழுந்து வாயைத் திறந்தார். “ஓ” முழுசாக வெளியே வரவில்லை. அதற்குள் எவனோ ஒருவன் தூக்குவாளியை டணார் என்று திறந்தான். கூட்டம் உருண்டு புரண்டது. மாசானம் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மீண்டும் ஆற்றைக் கடந்தார். இந்தத் தடவை பெட்டி எல்லார் கண்ணிலும் படும்படி தோளில் இருந்தது. மறைக்க இனி அவரிடம் ஒன்றும் இல்லை.

காந்திமதிநாதன் வேப்பமரத்தடியில் அதே சீவாளியைச் சீவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, சோத்துக்கு அரை மணி வாங்கியாச்சு.”

“கேள்விப்பட்டேன்.”

“என் கதைய யாரு கேப்பா? அஞ்சு கட்டையில வாயத் தொறந்தா ஊரே சிரிக்கு. மத்த கட்டையில எனக்கு வாயே தொறக்கல. முந்தி ஒரு கட்டையாவது இருந்துது. ஞானம் கேட்டு வந்தேன், இருந்த ஒண்ணையும் புடுங்கிக்கிட்டீரு.”

காந்திமதிநாதன் சீவாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இனி எதுல பாட? ஒரு கட்டையா, ரெண்டா, நாலரையா?” மாசானம் பெட்டியை அவர் முன்னால் தள்ளினார். “நீரே ஒண்ணத் தொட்டுக் காட்டும். சாகுற மட்டும் அதப் பிடிச்சுக்கிடுதேன்.”

காந்திமதிநாதன் பெட்டியைத் தொடவில்லை. அடுப்படியிலிருந்து வெந்த சோற்றின் மணம் வந்தது. பிச்சம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னைக்குச் சோறு நல்லா வெந்திருக்கு அண்ணாச்சி. எல போடட்டா?”

மாசானம் ஆற்றுப் பக்கம் திரும்பி, காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்.

“இன்னும் சங்கு ஊதலையே தங்கச்சி?”

காந்திமதிநாதன் சீவாளியைக் கீழே வைத்தார்.

“அது கிடக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்குப் பசிக்குதா?”